அம்பாப் பாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலையின் திருக்கடலூர், நிலாவெளிக் கரைகளில் மீனவர்கள் வலை இழுக்கையில் பாடிய அம்பாப் பாடல்கள் ஒலிநூலாகிவிட்டன. முகந்தெரியாத நீங்கள் கைகொடுத்திராவிட்டால் அவை என் தொலைபேசிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

முதல் நன்றி பாடிய ஐயாமாருக்கு. கரைவலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலை அரைவட்டமாய் வளைத்து வந்து மறுகயிற்றைத் தரும். பிறகு மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறும்வரை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேணும். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்பார்கள்; அந்த ஏற்பில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாய்ச் சேரும். உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கிய கரைகளில் பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. வெறுங்கையோடு பாட வராது என்று சொல்லி, கயிற்றை மரத்தில் கட்டி இழுத்தபடியே பாடினீர்கள் ஐயா. அதை நான் மறக்கமாட்டேன்.

ஒரு பாட்டை இணையத்தில் இட்டு, காற்றிரைச்சலைக் குறைக்க யாராவது உதவுவீர்களா என்றுதான் கேட்டேன். ரொறன்ரோவில் ஒலிப்பதிவு செய்யும் தம்பி ஒருவர் இரவிரவாக இருந்து குறைத்துத் தந்தார். கயிறு உரசும் சத்தத்தில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. “அக்கா, அதுதான் தாளம்” என்று எழுதினார். ஒலிநூல் என்ற எண்ணமே அதற்குப் பிறகு வந்ததுதான். மட்டக்களப்பு மிருதங்க ஆசிரியர் ஒருவர், வாத்தியம் எதையும் சேர்க்காமல், வலை ஆழத்தில் இருக்கையில் நிதானமாகவும் மடி கிட்ட வர வர வேகமாகவும் நடை மாறுவதைக் குறித்துத் தந்தார். தூத்துக்குடி அண்ணன் ஒருவர் தன் தாத்தா பாடிய அம்பாவை நினைவிலிருந்து பாடி வட்ஸ்அப்பில் அனுப்பினார். பாரிசில் இருக்கும் தங்கச்சி, அம்மா பிறந்த திருகோணமலையைக் கண்டதேயில்லை. அவர் வரைந்த படங்களில் கோணமலை பின்னால் ஒரு கோடு. முன்னால் முழுக்கக் கைகள்.

காசைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடியவர்களின் பெயர் முன்னுக்கு வர வேணும் என்று மட்டும் எல்லாரும் கேட்டீர்கள். அப்படியே வந்திருக்கிறது. நம் பெயர்கள் கடைசிப் பக்கத்தில். அதுதான் நியாயம்.

2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் தளத்துக்கும் நன்றி. தெளிவில்லாத அடிகளை அங்குள்ள பழைய நாட்டார் பாடல் தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அடுத்தது கிண்ணியா. தன் வாப்பாவும் கரைவலை இழுத்தவர், வந்து பதியுங்கள் என்று அங்குள்ள ஆசிரியர் ஒருவர் அழைத்திருக்கிறார். வாடை ஓய்ந்து கடல் அமர்ந்ததும் போகிறோம். கொட்டியாரக்குடாவைச் சுற்றி அம்பா தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.