மார்பிளுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா வீட்டை விற்காமல் நீங்களே புதுப்பிக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அண்ணன் ஒத்துக்கொண்டாரே, அதுவே பெரிய விஷயம். உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி மட்டும் விட்டபாடில்லை. ஆனாலும் தினமும் ஒரு தடவையாவது எங்கள் வீட்டில் மராமத்து வேலை நடக்கும் இடத்தைப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கூடத்திலிருந்து சமையலறை வரை பழைய தரையைப் பெயர்த்துவிட்டு ஒரே சீராக வெள்ளை மார்பிள் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். முழுசாகப் பெயர்க்காதே என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சுவரைப் பார். உங்கள் வீடும் எங்கள் வீடு மாதிரி சுண்ணாம்புக் காரையில் கட்டியதுதான். அந்தச் சுவரில் ஈரம் ஏறும், காற்றுப் பட்டு வெளியேயும் போய்விடும். சுண்ணாம்பு அதற்கு வழிவிடும், சிமென்ட் அப்படி விடாது. எங்கள் கூடத்தில் எப்போதோ நடந்த ஒரு மராமத்தில் சுவரின் கீழ்ப்பகுதிக்கு இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். ஓதம் நிற்கவில்லை. சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே போய், அங்கே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தடவினாலே பழைய பூச்சு பொடியாக உதிர்ந்தது. இப்போது சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு சுண்ணாம்பே பூசியிருக்கிறோம். காய்வதற்கு நாள் பிடிக்கிறது, ஆனால் சுவர் தேறி வருவது கண்ணுக்குத் தெரிகிறது.

தரைக்கும் இதே கதைதான். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, கான்கிரீட் ஊற்றி, மேலே கல்லை ஒட்டிவிட்டால், அதுவரை தரை வழியாக ஆறிக்கொண்டிருந்த ஈரம் சுவரோரம் போய் ஏறப் பார்க்கும். அதனால் மழைத் தண்ணீர் எங்கே போகிறது, வெளியே மண் மேடேறி உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா, குழாய் எங்காவது கசிகிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் போட்ட எந்தக் கல்லும் நிலைக்காது. வெள்ளை மார்பிள் என்றால் இன்னும் கவனம் தேவை. சில வெள்ளைக் கற்களில் மெல்லிய இரும்புத் தாது கலந்திருக்கும். அடியில் ஈரம் நின்றால் அது துருப்பிடித்து மஞ்சளாக மேலே வரும். எந்த பாலிஷுக்கும் அந்த மஞ்சள் லேசில் போகாது.

சமையலறைக்கு மார்பிள் வேண்டவே வேண்டாம். நான் வாங்கி வந்த மாதிரித் துண்டின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். பொடிப்பொடியாக நுரைத்தது. துடைத்த பிறகு அந்த இடம் மட்டும் பளபளப்பு போய் மங்கலாகிவிட்டது, விரலால் தடவினால் லேசாகச் சொரசொரத்தது. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு எது பட்டாலும் மேல்பரப்பு கரையும். 'சீலர் அடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது' என்று கடையில் சொல்வார்கள். சீலர் என்கிற அந்தப் பூச்சு எண்ணெயும் கறையும் சட்டென்று உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அமிலம் அரிப்பதை அது தடுக்காது. சமையலறைக்கு கிரானைட் போடு. குளியலறைக்கு எந்தக் கல்லானாலும் பாலிஷ் போடாத மேற்பரப்பாகக் கேள். ஈரத்தில் பளபளக்கிற கல்லில் அண்ணன் வயதுக்காரர்கள் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும், நீயே யோசி.

மாடிக்கும் மார்பிள் என்று அண்ணன் சொல்கிறாராம். எடையைக் கணக்குப் போட்டுக் காட்டு. 20 மில்லிமீட்டர் கனமுள்ள மார்பிள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. 12 சதுர மீட்டர் அறைக்கே 650 கிலோவை எட்டும், அடியில் போடும் கலவை தனி. உங்கள் மாடி மர உத்திரத்தின் மேல் நிற்கிறது. நடந்தால் லேசாக அதிர்வது நமக்குப் பழகிப்போயிருக்கலாம், கல் அதைத் தாங்காது, விரிசல் விடும். உத்திரத்தை ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை மாடிக்குக் கல் பேச்சே எடுக்காதீர்கள்.

கூடத்துக்கு மார்பிள் போட்டே தீரவேண்டும் என்றால், போடுகிற விதம் முக்கியம். வெளிர் நிறக் கல்லுக்கு வெள்ளைப் பசைதான், சாம்பல் நிறப் பசை கல்லுக்குள்ளிருந்து நிழலாடும். பச்சை மார்பிள் ஆசை இருந்தால் முன்கூட்டியே சொல், அதில் சில வகை தண்ணீர் கலந்த பசையில் வளைந்துவிடும், தண்ணீர் கலக்காத எபாக்சிப் பசைதான் வேண்டும். நாலு மூலையில் உருண்டை வைத்துக் கல்லை உட்கார வைப்பவர்கள் உண்டு, விடாதே. கல்லின் அடிப்பக்கம் முழுக்கப் பசை பிடிக்க வேண்டும். காய்ந்த பிறகு ஒவ்வொரு கல்லாகக் கட்டையால் தட்டிக் கேள், பொள்ளலாகச் சத்தம் வரும் கல்லை அப்போதே எடுத்து மறுபடி போடச் சொல்.

ஒட்டுவதற்கு முன்னால் எல்லாப் பெட்டியையும் பிரித்து, கற்களைக் கலந்து, தரையில் வெறுமனே பரப்பிப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்தது இதுதான். எங்கள் வீட்டுத் திண்ணையறையில் மேஸ்திரி கற்களைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஒரு கல்லில் சாம்பல் நரம்பு மூலையிலிருந்து கிளம்பும், அடுத்த கல்லில் அதற்கு ஏற்ற நரம்பைத் தேடி இழைத்துவிடுவார். ரொம்பக் கருத்த கற்களை அலமாரி வரப்போகும் ஓரத்துக்குத் தள்ளினார். அரை நாள் அதற்கே போனது. கூலியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், அளவுக்கு மேல் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கூடுதலாக வாங்கு. பின்னால் ஒரு கல் உடைந்தால் அதே நரம்பும் நிறமும் மறுபடி கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இப்போது உங்கள் பழைய கல்தரை. அது செத்த தரை இல்லை. வைரத் தட்டு வைத்த இயந்திரத்தில் தேய்ப்பார்கள். தட்டின் எண் கூடக் கூட அது நைசாகத் தேய்க்கும். 50, 100, 200 என்று ஆரம்பித்து, படிப்படியாக 3000 வரை போவார்கள். நீ 400 அல்லது 800-லேயே நிறுத்தச் சொல். கண்ணாடி மாதிரி மின்னாமல், மெழுகு பூசினாற்போல மங்கலான ஒளி வரும், அந்த வீட்டுக்கு அதுதான் பொருந்தும். நிலைப்படியில் நடுவில் தேய்ந்து குழிந்திருக்குமே, அதைச் சமன்செய்ய விடாதே. உன் பாட்டி காலத்திலிருந்து எல்லோர் காலும் பட்டுத் தேய்ந்தது, எந்தக் கல்லாலும் அதைத் திருப்பிச் செய்ய முடியாது. உடைந்துபோன கற்களை மட்டும் எடுத்துவிட்டு, அதே கனத்தில் அதே வகைக் கல்லைத் தேடிப் போடு. புதுசு கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், தெரியட்டும். நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறியான 1964-இன் வெனிஸ் சாசனம் சொல்வதும் அதைத்தான். மாற்றி வைக்கும் பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும்.

ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைப் பற்றியும் அண்ணனுக்குச் சொல். கட்டியவர்கள் மார்பிள் கற்களை இரும்புப் பற்றுகளால் பிணைத்து, அவற்றின் மேல் ஈயம் உருக்கி ஊற்றினார்கள். நூற்றாண்டுகள் தாங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகோலாஸ் பாலனோஸ் என்ற பொறியாளர் அதைச் செப்பனிட்டபோது, ஈயக் காப்பு இல்லாத இரும்பைப் பயன்படுத்தினார். அது துருப்பிடித்து உப்பி, அவர் காப்பாற்ற நினைத்த மார்பிளையே பிளந்தது. 1975-இல் தொடங்கிய சீரமைப்பில் அந்த இரும்பை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத டைட்டானியம் வைத்து வருகிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான் அது. எங்கள் வீட்டுச் சுவரில் சிமென்ட் பூசியவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன்.

கூடத்தின் நீள அகலம், இப்போதுள்ள கல்லின் கனம், உப்புப் பூத்த இடங்களின் படம், இவற்றை அனுப்பு. எங்கள் மேஸ்திரியிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். அவர் பதில் வரும் வரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவை. அவருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் அன்பு.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து பெஞ்சுக்காரி