வெளிச்சம் எட்டும் தூரமே வேகத்தின் எல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வனவிலங்கின் மீது வாகனம் மோதிய செய்திகள் பலவும், விலங்கு திடீரெனக் குறுக்கே வந்துவிட்டது என்ற ஓட்டுநரின் கூற்றோடு முடிந்துவிடுகின்றன. விலங்கு எப்போதும் திடீரென்றுதான் வரும். சாலை விதி அதற்குத் தெரியாது. அது வந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் சென்றது, ஓட்டுநரின் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிந்தது என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. விலங்கைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போய்விடும். அதன் பிறகு, உலர்ந்த தார்ச்சாலையில்கூட, வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய 36 மீட்டர் வேண்டும். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியான லோ பீம் வெளிச்சத்தில் கருநிற விலங்கு 50 மீட்டர் தொலைவில் தென்பட்டாலே பெரிது. அந்த 50 மீட்டருக்குள், 60 கி.மீ. வேகத்தில் வருபவர் விலங்குக்குச் சற்று முன்பே நின்றுவிடலாம், 80 கி.மீ. வேகத்தில் வருபவரோ, முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாலும், 60 கி.மீ.க்குச் சற்றே குறைந்த வேகத்தில் அதன் மீது மோதுவார். மழை பெய்த சாலையில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

எதிரே வண்டி வராதபோது தொலைவுக்கு ஒளி பாய்ச்சும் ஹை பீம் பயன்படுத்துவது மிகவும் உதவும். மான் போன்ற பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், உடல் தெரியும் முன்பே கண்கள் மின்னுவது தெரியும். ஆனால் காட்டுப்பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. அதன் உடலும் கருமையானது, தாழ்வானது. ஆகவே கண் மின்னவில்லை என்பதால் சாலை காலியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வைகறையிலும் அந்தி சாயும் நேரத்திலும் பல விலங்குகளின் நடமாட்டம் கூடுகிறது. ஓட்டுநரின் பார்வை தடுமாறும் நேரமும் அதுவே. ஒரு மான் சாலையைக் கடந்துவிட்டதும் வேகத்தைக் கூட்டுவது பலரின் வழக்கம். பின்னாலேயே குட்டியோ கூட்டமோ வரக்கூடும் என்பதால், அப்போதுதான் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

விலங்கு எதிரே நின்றுவிட்டால், வண்டியை நேராக வைத்து அழுத்தமாகப் பிரேக் பிடிப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது. சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்ததால் வண்டி கவிழ்ந்தோ, மரத்திலோ எதிரே வந்த வாகனத்திலோ மோதியோ உயிரிழந்தவர்கள் உண்டு. விலங்கு ஒளியில் திகைத்து அசையாமல் நின்றால், வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, அது விலகும்வரை பொறுத்திருக்கலாம். விலங்குகளை விலக்குவதற்கென வண்டியில் பொருத்த விற்கப்படும் விசில் கருவிகளை நம்பி வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. அவை விபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மீதி உணவைச் சாலையோரம் வீசுவதும் விலங்குகளை நாமே அழைத்து நிறுத்துவதாகும்.

பொறுப்பு முழுவதையும் ஓட்டுநர் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலி அமைத்து, விலங்குகள் கடக்க மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் கட்டிய பிறகு, விலங்குகள் மீதான மோதல்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. ஆனால் எல்லாக் காட்டுச் சாலைகளிலும் அத்தகைய பாலங்கள் எழப் பல்லாண்டுகள் ஆகும். வேகத்தைக் குறைப்பதை இன்றிரவே செய்யலாம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய விபத்துச் செய்திகளில் நேரம், அந்தச் சாலையின் வேக வரம்பு, விலங்குகள் கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகை அங்கு இருந்ததா என்பது ஆகிய மூன்றையும் கேட்டறிந்து வெளியிடுங்கள். எந்த இடத்தில் மீண்டும் மீண்டும் மோதல் நிகழ்கிறது என்பது அப்போது வாசகர்களுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தெரியவரும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்