மந்தி முகில் பார்த்த ஊரிலிருந்து ஒரு நன்றி மடல்

திருச்சிற்றம்பலம்.

என்மீது அன்பு கொண்ட பெரியோர்களுக்கும் உடன்பயின்றவர்களுக்கும் பணிவான வணக்கம்.

காவிரிக் கரையிலுள்ள சிவாலயம் ஒன்றில், பூசையின்போது தேவாரம் பாடும் ஓதுவாராக இம்மாதம் பணியேற்றேன். முதல் நாள் உச்சிக்காலப் பூசையில் பஞ்சபுராணம் எனப்படும் ஐந்து திருமுறைப் பாடல்களைப் பாடி முடித்துக் கைத்தாளத்தைக் கீழே வைத்தபோது, என்னை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லோரையும் நேரில் கண்டு வணங்க இயலாததால் இம்மடலை எழுதுகிறேன்.

திருவையாற்றில், ஐயாறப்பர் கோயிலுக்கு அருகில் வளர்ந்தவள் நான். எனக்கு ஆறு வயதிருக்கும்; அர்த்தசாமப் பூசையில் அம்மாவின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்தபோது, சம்பந்தப் பெருமானின் ‘புலனைந்தும் பொறிகலங்கி’ என்ற பதிகம் காதில் விழுந்தது. மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்த அப்பதிகத்தை இன்று நீலாம்பரி இராகத்தில் பாடுகிறோம். உறங்க வைக்கும் இராகம் என்பார்கள். எனக்கோ அன்று உறக்கம் கலைந்துபோனது. வலம்வரும் பெண்கள் நடமாட, முழவு அதிர, அந்த ஓசையைக் கேட்டு மழை வருகிறதென்று அஞ்சிய மந்திகள் மரமேறி முகிலைப் பார்க்கின்றன என்று ஓதுவார் ஐயா பொருள் சொன்னதும், நம் ஊர்க் குரங்கைச் சாமி பாட்டில் வைத்தது யார் என்று கேட்டேன். “உன்னைவிடச் சின்னப் பிள்ளையம்மா, மூன்று வயதில் சீர்காழியில் பாடத் தொடங்கியவர்” என்றார். நானும் இதைத்தான் பாடப்போகிறேன் என்று அங்கேயே சொன்னேன். குரங்கின் அச்சத்துக்கும் தன்னைப் பாடும் பாட்டில் இடம் கொடுத்த சிவன் என் குரலையும் கேட்பான் என்ற நம்பிக்கை அன்று வந்தது. இன்றுவரை அது மாறவில்லை.

அதைக் குழந்தைப் பேச்சென்று தள்ளாமல், மறுநாள் மாலையே வரச் சொன்ன ஐயாவுக்குத்தான் என் முதல் நன்றி. அவர் ஒரு வரி பாட நான் திருப்பிப் பாட, ஒரு பதிகம் மனத்தில் படியும் வரை அடுத்ததைத் தொடமாட்டார். ‘தோடுடைய செவியன்’ பதினொரு பாட்டும் நட்டபாடைப் பண்ணில் சுருதி விலகாமல் வர எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. சொல்லைப் பிரிக்கும் இடம் தவறினால் பொருளே கெட்டுவிடும் என்பதால், பாடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் பேச்சாகச் சொல்லச் செய்வார். புதுப் பதிகம் எதையும் நான் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

வயல் வேலை முடிந்த களைப்போடு நாள்தோறும் என்னைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, பிரகாரத்தில் காத்திருந்த அம்மாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒப்பிப்பதைச் சரிபார்த்தவள் என் அக்கா. திருச்சியில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்ட செய்தி 2006இல் வந்தபோது, அதை நாளிதழிலிருந்து வெட்டி என் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்தவளும் அவளே. பின்னர் ஓரிடத்தில் பெண் என்ற காரணத்தால் என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தபோது, அந்தத் துண்டுத் தாளை எடுத்துக் காட்டித்தான் என் அழுகையை நிறுத்தினாள்.

சிறு வயதில் வரும் அழைப்பே உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்பர் பெருமான் சமண சமயத்தில் நெடுங்காலம் இருந்து, சூலை நோயால் வருந்தித் திருவதிகைக்குத் திரும்பிய பிறகே பாடினார். அவருக்கும் வழி காட்டியவர் அக்கா திலகவதியார்தான். எனக்கு வழி முன்னதாகவே தெரிந்தது. அதில் நடக்கத்தான் துணை வேண்டியிருந்தது.

அரசு இசைப் பள்ளியில் மூன்றாண்டுகள் தேவாரம் கற்பித்த ஆசிரியருக்கும், உணவு இடைவேளையில் எனக்காகத் தாளம் போட்ட தவில் வகுப்புத் தோழர்களுக்கும் என் வணக்கம்.

பணியேற்ற நாளன்று ஐயா வந்திருந்தார். அர்த்தசாமத்தில் நான் ‘புலனைந்தும்’ பாட, குரல் தளர்ந்த அவருடைய உதடுகளும் உடன் அசைந்தன. பூசை முடிந்ததும் அருகில் அழைத்து, இரண்டாம் பாட்டில் பிரிக்க வேண்டிய ஒரு சொல்லைச் சேர்த்துப் பாடிவிட்டேன் என்றார். மறுநாள் அதைத் திருத்திப் பாடினேன், ஐயா.

திருச்சிற்றம்பலம்.