கதவைத் திறந்தால் மட்டும் கோழி மேயாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கறிக்கோழியை வெளியே மேயவிட்டு வளர்க்கும் ஆர்வம் பெருகியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், மேய்ச்சல் இருந்தால் தீவனச் செலவு பாதியாகும் என்று நம்பி இறங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். புல், விதை, புழுபூச்சி எல்லாம் சேர்ந்தாலும் கறிக்கோழியின் தேவையில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். தொடக்கத்தில் 20 முதல் 22 சதவீதம், பிறகு 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள தீவனம் தந்தே ஆக வேண்டும். அதைக் குறைத்தால் கோழி மெலியும்.

இனத் தேர்வில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் பிராய்லர் ரகத்துக்கு நடக்கவே பிடிக்காது. கதவு திறந்திருந்தாலும் தீவனத் தட்டருகிலேயே படுத்துக் கிடக்கும். காலும் இதயமும் எடையைத் தாங்காமல் திணறும். மேய்ச்சலுக்கு மெதுவாக வளரும் ரகமே பொருத்தம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். அந்தக் காலத்துக்கான தீவனத்தையும் கணக்கில் சேர்த்த பிறகே விலை வைக்க வேண்டும்.

குஞ்சுக்கு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, இறகு மூடியதும், ஏறத்தாழ நான்காவது வாரத்தில், வெளியே விடலாம். மழையில் நனையும் நாளைத் தவிர்க்க வேண்டும்.

வெட்டவெளியைக் கண்டால் கோழிக்குப் பயம். பருந்துக்கு அஞ்சிக் கொட்டகையை ஒட்டியே நிற்கும். அங்கேயே கிளறி, அங்கேயே எச்சமிட்டு, சில வாரங்களில் அந்த இடத்தைக் கட்டாந்தரையாக்கிவிடும். தூரத்து மூலையில் புல் தொடப்படாமல் முற்றிக் கிடக்கும். வாசலிலிருந்து வரிசையாக மரம், புதர், தாழ்வான பந்தல் என நிழலை நீட்டிக்கொண்டு போனால் கோழி தானாகவே தூரம் போகும். மேயவிட்டு வளர்த்தது என்று விற்கும் கறிக்கோழி ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி ஒரு சதுர மீட்டர் வெளி நிலம் கேட்கிறது. நிழலில்லாத நிலத்தில் அந்த அளவுக்குப் பொருளே இல்லை.

ஒரே இடத்தில் மேய்ந்தால் வரும் பெரிய ஆபத்து இரத்தக்கழிச்சல். எச்சத்தில் வெளியேறும் கிருமி முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளே அதிகம் மடியும். எனவே நிலத்தை நான்கைந்தாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தரையில் பரப்பிய கூளம் நனைந்தால் அன்றே அள்ளி மாற்றுங்கள். எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புல் விரல் நீளத்துக்குள் இருக்கட்டும். நார் முற்றிய நீளப் புல் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். புல் தின்னும் கோழிக்கு அதை அரைக்க அரைவைப்பையில் பொடிக்கல் வேண்டும். மண்ணில் இல்லையென்றால் தனித்தட்டில் வையுங்கள். தீவனமும் தண்ணீரும் கூரைக்கு அடியிலேயே இருக்கட்டும். வெளியே வைத்தால் காட்டுப் பறவைகள் வந்து பறவைக் காய்ச்சலை விட்டுச் செல்லக்கூடும்.

இப்படிக்கு,
கோழி வளர்ப்பாளர் ஒருவர்