கங்காணிக்கும் ஒரு பக்கம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுகதைப் போட்டி அறிவிப்போடு, புதிதாக எழுதுகிறவர்களுக்கு யோசனைகளும் வெளியிட்டிருந்தீர்கள். அதில் ஒன்று: 'தேயிலைத் தோட்டத்துக் கதையில் கங்காணி வந்தால் அவன்தான் வில்லன். அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் போனால் வாசகர் குழம்பிவிடுவார்.' படித்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. நான், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணிக்குக் கீழே ஒரு சின்னக் கூட்டத்தை வேலை வாங்கிய சில்லறைக் கங்காணியின் பேத்தி.

தாத்தா நல்லவர் என்று வாதாட வரவில்லை. வட்டிக்குக் கொடுத்தவர்தான். 1971ல் நாங்கள் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது, அவருடைய தகரப் பெட்டிக்குள் ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு இருந்தது. பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) அக்கா கடனுக்கு அடகு வைத்தது. யார் எந்த நாட்டுக்கு என்று இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி எங்களுக்கு இந்தியா, அவர்களுக்கு இலங்கை என்று ஆகிவிட்டது. மீட்க அவரும் வர முடியவில்லை, திருப்பிக் கொடுக்கத் தாத்தாவும் நினைக்கவில்லை. அந்தத் தோடு இன்றும் என் பீரோவில் இருக்கிறது. நான் ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை.

இதே மனிதர் செய்த இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்கு நாலு வயதில் கடும் காய்ச்சல். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட மனமில்லாமல், அம்மா பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, தாமதமாகப் போயிருக்கிறார். அவர் போவதற்குள் தாத்தா கணக்கப்பிள்ளையிடம் 'அரைப்பேர்', அதாவது அரைநாள் கூலிதான், என்று சொல்லிவிட்டார். பெற்ற மகளுக்கு! "உனக்கு முழுப்பேர் போட்டால், நாளைக்கு இன்னொருத்திக்கு எந்த வாயால் அரைப்பேர் சொல்வேன்?" என்றாராம். அன்று ராத்திரி மழையில் வந்து, வாசலில் ஒரு றாத்தல் பாணை (ரொட்டியை) வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார். அம்மா அதைத் தொடவில்லை. பாட்டிதான் பாலில் நனைத்து எனக்கு ஊட்டினார். அந்த ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், இதில் யாரை வில்லன் என்று எழுதுவது?

கதைக்குப் படம் போடும்போதெல்லாம் கங்காணி கையில் சாட்டை கொடுக்கிறீர்கள். துரை எங்கோ தூரத்தில் குதிரைமேல் சின்னதாகத் தெரிவார். பழைய காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும், கடன் மறுபடி ஆள் தலையில் ஏறும். 1921ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதில் கங்காணியும் தின்றான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாவம் முழுவதையும் அவன் ஒருவன் முதுகில் ஏற்றினால், சீட்டு எழுதியவர் கதையை விட்டே தப்பித்துப் போகிறார்.

நாயகனுக்கும் இதே கதிதான். எங்கள் லயத்தில் ஒரு சங்கத்துக்காரர் இருந்தார். பேர் வெட்டப்பட்டவர்களுக்காகத் துரை பங்களா வாசலில் நாள்கணக்கில் நின்றவர். அவர் வீட்டு அக்கா முகத்தில் அடிக்கடி வீக்கம் இருக்கும். இரண்டையும் ஒரே கதையில் எழுதினால் உங்கள் போட்டியில் தள்ளிவிடுவீர்களா?

குழப்பம் என்கிறீர்களே, மாசி மாதம் எங்கள் ஆட்கள் ஆடும் காமன் கூத்தைப் பாருங்கள். தேவர்கள் அனுப்பித்தான் காமன் போகிறான். தவத்தைக் கலைத்தது தப்புதான், சிவன் எரித்ததற்கும் காரணம் இருக்கிறது. ஆனாலும் ரதி அழும்போது களத்தில் ஒரு கண் காய்ந்திருக்காது. தஞ்சைப் பக்கம் லாவணி என்ற வாதப் பாட்டில், காமன் எரிந்தான் என்று எரிந்த கட்சி, இல்லை என்று எரியாத கட்சி என விடிய விடிய இரண்டு பக்கமும் பாடுவார்கள். இராமனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் வாலியைக் கம்பரும் பாடினார். பள்ளிக்கூடம் போகாத என் பாட்டிக்கு இதெல்லாம் புரிந்தது. உங்கள் வாசகருக்குப் புரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு கட்டுரையில் எங்களை 'இலங்கை அகதிகள்' என்று போட்டீர்கள். நாங்கள் 1964 ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்த தாயகம் திரும்பியோர். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றது 5,25,000 பேரை. அதை விளக்கி எழுதினேன். கடிதத்தில் 'இதழ் அருமை' என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நாங்கள் வந்து குடியேறிய நீலகிரி என்றால் உங்களுக்கு ஒன்று தேனிலவு, இல்லாவிட்டால் கொலை நடக்கும் பங்களா. கொழுந்துக்காரி உங்கள் கதைகளில் கூடையோடு நடந்து போவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த அறிவிப்பில் அந்த யோசனையை எடுத்துவிடுங்கள். அப்புறம், இங்கே கடைக்கு இதழ் வருவதே நாலைந்து நாள் கழித்துத்தான். கடைசித் தேதியைப் பத்து நாள் தள்ளி வைத்தால், நானும் அந்தத் தோட்டைப் பற்றி ஒரு கதை அனுப்புவேன்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
கோத்தகிரி