பறப்பதைக் கேட்கவில்லை, மறப்பதைத்தான் கேட்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூப்பர்ஹீரோ தொடர்களைப் பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒருவன் வானத்தில் பறப்பதையே நம்பிவிட்டு, அப்புறம் கதையில் லாஜிக் இடிக்கிறது என்று ரசிகர்கள் குறை சொல்வது வேடிக்கை என்கிற தொனியில் எழுதியிருந்தார் கட்டுரையாளர். நானும் அப்படிக் குறை சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான், அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரணியன் கதையில் தூணைப் பிளந்துகொண்டு சிங்க முகத்தோடு ஒருவர் வருகிறார். யாராவது லாஜிக் கேட்கிறோமா? பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது, மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது என்று அவன் வாங்கிய வரத்தில் ஒன்றைக்கூட மீறாமல், அந்தி நேரத்தில் வாசற்படியில் வைத்துக் கதையை முடிக்கிறார்கள். வரம் எவ்வளவு பெரியதாகவும் இருக்கட்டும், கொடுத்த பிறகு கதை சொல்பவரும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

2014 முதல் 2023 வரை ஒன்பது சீசன் ஓடிய 'தி ஃப்ளாஷ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் என்கிற ஹீரோவான பேரி ஆலன் துப்பாக்கிக் குண்டையே முந்தி ஓடக்கூடியவர். அப்படிப்பட்டவர் வில்லன் லெனார்ட் ஸ்னார்ட் முன்னால் வந்து நின்று, வசனம் பேசி, எதிராளி அந்த உறைய வைக்கும் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கும் வரை பொறுமையாக இருந்து அடி வாங்குகிறார். ஓடிப்போய் அதைப் பிடுங்கியிருந்தால் எபிசோட் நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும், அது புரிகிறது. ஆனால் பிடுங்க முடியாதபடி ஒரு தடையை யோசித்து வைப்பதுதானே எழுத்தாளரின் வேலை? அதை விட்டுவிட்டு, தனக்கு என்ன சக்தி இருக்கிறது என்பதையே ஹீரோவை மறக்கச் செய்கிறார்கள்.

ரகசிய விஷயம் இன்னும் மோசம். பேரி காதலிக்கும் ஐரிஸின் பாதுகாப்புக்காகத்தான், தானே ஃப்ளாஷ் என்ற உண்மையை அவளிடம் சொல்லவில்லை என்று முதல் சீசன் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவளோ அந்த மர்ம மனிதனைப் பற்றித் தானே எழுதி, ஆபத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறாள். ஸ்னார்ட்டுக்குக்கூட பேரி யார் என்று தெரிந்துவிடுகிறது, அதற்குப் பிறகும் ஐரிஸுக்குத் தெரியாது! எதிரிக்குத் தெரிந்த ரகசியத்தைக் காதலிக்கும் பெண்ணிடம் மறைப்பதில் என்ன பாதுகாப்பு?

இதே தொடரில் நான் குறை சொல்லாத இடமும் உண்டு. பேரி காலத்தில் பின்னோக்கி ஓடி, கொலையான தாயைக் காப்பாற்றி எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறாரே, அதைச் சொல்கிறேன். பலர் அதை முட்டாள்தனம் என்பார்கள். முட்டாள்தனம்தான். ஆனால் அதற்கு முந்தைய சீசனின் முடிவில் அதே வாய்ப்பு வந்தபோது தன்னை அடக்கிக்கொண்டவர், இப்போது தந்தையும் கண் முன்னால் கொல்லப்பட்ட பிறகு உடைந்துபோய்ச் செய்கிறார். தப்பு செய்கிறார் என்று தெரிந்தும் நமக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. ஹீரோ புத்திசாலியாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு மனக்காரணம் இருந்தால் போதும்.

எபிசோட் எண்ணிக்கை அதிகம், அதனால்தான் இழுவை என்று கட்டுரையாளர் ஒரு சமாதானம் சொல்கிறார். ஓரளவு சரி. ஆனால் 2021இல் வந்த 'தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்' ஆறே எபிசோட்தான். அதில் கார்லி, இடமில்லாமல் அலைக்கழிக்கப்படும் மக்களுக்காகப் போராடுகிறவள், அவள் பேசுவதில் நியாயம் இருக்கிறது. திடீரென்று ஆட்கள் உள்ளே இருக்கும் கட்டிடத்தை வெடிக்க வைத்துவிடுகிறாள். நியாயம் வில்லி பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பயந்துபோய் ஒரு கொலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசியில் ஹீரோ சாம் அதிகாரிகளிடம் நீளமாகப் பேசுவதும் பெரும்பாலும் அவளுடைய வாதமேதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்த தொடரும் இருக்கிறது. 'ஜெசிக்கா ஜோன்ஸ்' முதல் சீசன், 2015, பதின்மூன்று எபிசோட். வில்லன் கில்கிரேவ் வாயால் சொன்னதை அநேகமாக யாராக இருந்தாலும் செய்தே தீர வேண்டும். அவனைக் கொன்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, ஜெசிக்காவுக்கு அதற்கான பலமும் இருக்கிறது. பிறகு ஏன் கொல்லவில்லை? அவன் பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பெற்றோரையே சுட்டுக் கொன்ற ஹோப் என்ற பெண் சிறையில் இருக்கிறாள், அவள் நிரபராதி என்று நிரூபிக்க அவன் உயிரோடு வேண்டும். அந்த ஒரே காரணம் கதையை எவ்வளவு தூரம் தாங்குகிறது பாருங்கள். ஜெசிக்காவின் கையைக் கட்டியிருப்பது தன் உயிர்தான் என்று புரிந்துகொண்ட ஹோப், தன் உயிரை மாய்த்துக்கொண்டு அந்தக் கட்டைத் தானே அறுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு ஜெசிக்கா செய்வது எதுவும் எழுத்தாளர் செய்ய வைத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த முறை உங்கள் விமர்சகர் கிராஃபிக்ஸுக்கு ஒரு பத்தி ஒதுக்கும்போது, இவர் ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கும் இரண்டு வரி ஒதுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கதையின் முடிவை முன்கூட்டியே போட்டு உடைக்க வேண்டாம் என்றும் எழுத நினைத்திருந்தேன். ஹோப் விஷயத்தில் நானே உடைத்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
குறை சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடும் வாசகன்