பேரனோடு பேச்சு விளையாட்டு

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. இவருக்குக் கண் ஆபரேஷன் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். பேரனைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனசு பெங்களூரில்தான் இருக்கிறது, அதற்கே வருகிறேன்.

ஒன்றரை வயசு தாண்டியும் நாலைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை என்கிறாய். உன்னிடம் தமிழ், ஆயாவிடம் கன்னடம், அப்பா அம்மாவிடம் ஆங்கிலம் என்று கேட்டுக் குழம்பிவிட்டான், தமிழை நிறுத்திவிடலாமா என்று உன் மகள் யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். வேண்டாம், நிறுத்தவே வேண்டாம். பல மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. கணக்குப் பார்ப்பதானால் எல்லா மொழியையும் சேர்த்துப் பாருங்கள். ஆயாவிடம் கன்னடத்தில் ‘பா’ என்றும் உன்னிடம் தமிழில் ‘வா’ என்றும் சொன்னால் அவை இரண்டு சொற்கள். ஆட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் ‘டுர்’ என்கிறானே, அதையும் சேர்த்துக்கொள். ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் போய் எடுத்து வருகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். கை காட்டாமல், வாயால் மட்டும் சொல்லியே அதைச் செய்கிறான் என்றால் எனக்குப் பாதி நிம்மதி.

அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளோடு இருந்ததில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பேச வைக்க வேண்டும் என்ற ஆசையில் பெரியவர்கள், ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். பரீட்சை மாதிரி ஆனதும் அது வாயை மூடிக்கொள்ளும். பிள்ளைக்குப் பேச வேண்டிய தேவையும் அதற்கான இடைவெளியும் வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். நம் ஊர் விளையாட்டுகளிலேயே அதற்கு வழி இருக்கிறது.

நாம் சின்ன வயதில் விளையாடிய பருப்புக் கடைவதையே எடுத்துக்கொள். பேரன் உள்ளங்கையில் விரலை வைத்துப் பருப்புக் கடை. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்கு. அப்புறம் நண்டு ஊர, நரி ஊர என்று விரலாலேயே கை மேல் ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டு. சில நாள் இதையே ஒரே மாதிரி, ஒரே ராகத்தில் செய். அடுத்து என்ன வரும் என்று அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்ட பிறகு, விரலையெல்லாம் மடக்கி முடித்துவிட்டு நண்டு ஊரும் இடத்தில் நிறுத்திவிடு. ஒன்றும் சொல்லாதே. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணு. நெளிவான், கையை நீட்டுவான், உன் விரலைப் பிடித்து இழுப்பான். ஒரு நாள் ‘ந’ என்று ஏதோ சத்தம் வரும். வந்த உடனே, ‘ஆமா, நண்டு! நண்டு ஊருது!’ என்று ஏறிவிடு. தான் வாயைத் திறந்ததால்தான் நண்டு ஓடியது என்று அவனுக்குப் புரிந்துவிட்டால் மறுபடியும் திறப்பான். கண்ணை மூடித் திறக்கும் ‘பே’ விளையாட்டிலும் பந்து உருட்டுவதிலும் இதையே செய்யலாம். ‘ஒண்ணு, ரெண்டு...’ என்று சொல்லிவிட்டுப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திரு.

இன்னொன்று. மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் கொஞ்சம் பொரியைப் போட்டு அவன் கையில் கொடு. திறக்க முடியாமல் உன்னிடம்தான் கொண்டு வருவான். வாங்கிக்கொண்டு, ‘திறக்கணுமா? திற!’ என்று சொல்லித் திற. நாலைந்து பொரி மட்டும் கொடுத்துவிட்டு மறுபடி மூடிவிடு. அழ விடாதே. சத்தம் போட்டாலும் கையைக் காட்டினாலும் போதும், திறந்துவிடு. சொல் தானாக வரும்.

பெரும்பாலான வீடுகளில் மாடு, நாய், ஆப்பிள் என்று பேரை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வினைச்சொல்லை விட்டுவிடுகிறார்கள். வா, போ, தா, வை என்று தமிழில் ஏவல் சொற்கள் எவ்வளவு குட்டியானவை! பேசத் தொடங்கும் வாய்க்கு வெகு சுலபம். குளிப்பாட்டும்போது செம்பைத் தூக்கி, ‘ஊத்தவா? ஊத்து!’ என்று ஊற்று. வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, ‘கூடையில போடு’ என்று ஒன்றைக் கொடு. இது கைவந்துவிட்டால் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல் சேர்வது தூரத்தில் இல்லை. இரண்டு வயசில் அதைத்தான் எதிர்பார்ப்போம்.

அவன் ‘பஸ்’ என்றால் நீ, ‘ஆமா, பெரிய பஸ் போகுது’ என்று ஒன்றிரண்டு சொல் கூட்டிச் சொல். ‘யாயி’ என்று லாரியைச் சொன்னால் திருத்தாதே, ‘ஆமா, லாரி!’ என்று சரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. ர, ழ எல்லாம் வாய்க்குப் படிய இன்னும் வருஷங்கள் ஆகும். ‘மம்மு’, ‘ஜோஜோ’ என்று கொஞ்சுவது தப்பா என்றும் கேட்டிருந்தாய். கொஞ்சு. கூடவே ‘சோறு சாப்பிடலாம்’, ‘தூங்கலாம்’ என்பதும் அவன் காதில் விழட்டும்.

மகளிடமும் மாப்பிள்ளையிடமும் நீ தைரியமாகச் சொல்ல வேண்டியது சாப்பாடு ஊட்டும்போது அவனுக்குப் போனில் பாட்டு காட்டுவதைப் பற்றித்தான். இரண்டு வயசு வரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றுதான் சொன்னது. போனில் ஓடும் பாட்டு, பிள்ளை ‘ந’ என்பதற்காக நின்று காத்திருக்காது. ஊரில் இருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசுவது வேறு விஷயம், அது நடக்கட்டும்.

வசம்பை உரசி நாக்கில் தேய்க்கச் சொன்னார்களாமே? தயவுசெய்து செய்யாதே. அதனால் பேச்சு வராது, வாந்திதான் வரும். ‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்’ என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. முதலில் காதைப் பரிசோதியுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்காதே. பெரிய சத்தம் கேட்டு மெல்லிய சத்தம் கேட்காத பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மாவட்டங்களில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டுபிடிக்கவே அரசு மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயசாகியும் இரண்டு சொல் சேரவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள். வந்த சொல் எதுவும் நின்றுபோனால் அதுவரைகூடக் காத்திருக்காமல் மறுநாளே டாக்டரைப் பாருங்கள்.

பொங்கலுக்கு எல்லோரும் வருவதாக எழுதியிருந்தாய். இரண்டு நாளாவது இங்கே தங்குகிற மாதிரி வா, எதிர்வீட்டில் அவன் வயசுக்கே ஒரு பெண் குழந்தை இருக்கிறது. காதுப் பரிசோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று போன் செய், கடிதத்துக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அன்புடன்,
உன் சிநேகிதி